எம்ஜிபி காரின் ஸ்டீயரிங் அலைச்சலைச் சரிசெய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய புதிதில் பலரும் சொல்லும் முதல் குறை ஒன்றுதான். ஊருக்குள் இனிமையாக ஓடும் கார், நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட்டதும் நேராகப் போக மறுக்கிறது. இடப்புறம் சற்றே ஒதுங்குகிறது. திருத்தினால் வலப்புறம் அளவுக்கு மீறிப் போகிறது. ஒரு லாரி கடந்து சென்றால் அடுத்த தடத்துக்கே தள்ளப்படுவது போலத் தோன்றுகிறது. அரை மணி நேரப் பயணத்தில் தோள்கள் இறுகி வலிக்கின்றன. பழைய கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையல்ல. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் காரில் தொடக்கம் முதலே, சிறு பல்சக்கரம் பல்வரிசைக் கம்பியை நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் இருந்தது. முன்சக்கரங்களைத் தாமாகவே நேர்நிலைக்குத் திருப்பும் காஸ்டர் கோணமும் 7 டிகிரி என்ற தாராளமான அளவில் வைக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ள எம்ஜிபி நெடுஞ்சாலையில் லேசான பிடியிலேயே நேராக ஓட வேண்டும். அப்படி ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, அல்லது இறுகிப் போயிருக்கிறது.

பெரும்பாலும் ஒன்றல்ல, பல. டயரில் கொஞ்சம், முன்சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சான கிங்பின்னில் கொஞ்சம், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களில் கொஞ்சம், பின் ஆக்சிலில் கொஞ்சம் என்று சிறு குறைகள் சேர்ந்துதான் பெரிய அலைச்சலாகின்றன. ஆகவே எடுத்த எடுப்பில் புது ஸ்டீயரிங் ரேக் வாங்கி மாட்டுவதும், காரை, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டுக்கு ஓட்டிச் செல்வதும் பணத்தை வீணாக்கும் வழிகள். தளர்வு உள்ள முன்புறத்தில் செய்த அலைன்மென்ட், கடையை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கும்போதே மாறிவிடும். தரையிலிருந்து தொடங்கி, டயர், சக்கரம், பேரிங், கிங்பின், ரேக், புஷ், பின்புறம் என்று வரிசையாகப் பார்த்து, அலைன்மென்டைக் கடைசியில் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

முதலில் குறையை அடையாளம் காணுங்கள்

மூன்று வேறு குறைகளைப் புதியவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கார் எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. டயர் காற்றழுத்த வேறுபாடு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் காலிப்பர், இடம் மாறிய பின் ஆக்சில் ஆகியவை அதற்குக் காரணமாகலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் கூடியதும் குறைந்தால் அது பெரும்பாலும் சக்கர பேலன்ஸ் சார்ந்தது. கார் இரு பக்கமும் மாறி மாறி ஒதுங்கி, ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க நேர்வதுதான் அலைச்சல். பிரிட்டனில் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் எந்தக் காரும் கொஞ்சம் இடப்புறம் ஒதுங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காற்று அதிகம் இல்லாத நாளில், தட்டையான இருவழிப் பிரிவுச் சாலையில் ஓட்டி, என்ன நடக்கிறது, எந்த வேகத்தில் நடக்கிறது, முடுக்கியை விடும்போது மாறுகிறதா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பழுதையும் சரிசெய்த பிறகு அதே சாலையில் மறுபடியும் ஓட்டி எழுதுங்கள். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றினால் எது நோய், எது மருந்து என்பது கடைசிவரை தெரியாது.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி: 2018 மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுதோறும் நடக்கும் வாகனப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா எம்ஜிபிகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. எனவே, விற்பனைக்கு வரும் ஒரு கார் பல ஆண்டுகளாக எந்தப் பரிசோதகரின் கண்ணிலும் படாமல் இருந்திருக்கக்கூடும். விருப்பத்தின் பேரில் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள இன்றும் வழி உண்டு. வாங்கிய உடனே ஒரு முறை செய்துவிடுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல ஆலோசனை.

வேலையைத் தொடங்கும் முன் சமதளமான கான்கிரீட் தரையைத் தேர்ந்தெடுத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய காரை உறுதியான ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள்.

டயர்களும் சக்கரங்களும்

ஆண்டுக்குச் சில நூறு மைல்களே ஓடும் பழைய கார்களில் டயர் தேய்வதில்லை, காய்ந்து இறுகுகிறது. பட்டன்கள் ஆழமாக இருப்பதைப் பார்த்துப் புது டயர் என்று நம்பிவிடாமல், பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் சொல்லும். 3211 என்றால் 2011-ஆம் ஆண்டின் 32-வது வாரம். அந்தக் குறியில் மூன்று இலக்கங்களே இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. அதில் நெடுஞ்சாலைக்கே போகக் கூடாது. பத்து வயதைக் கடந்த டயர்களை, வெடிப்பு தெரியாவிட்டாலும், நான்கையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல கார்களில் அலைச்சலின் பெரும்பகுதி இந்த ஒரே செயலில் மறைந்துவிடுகிறது.

நான்கும் ஒரே வகை, ஒரே அளவாக இருக்க வேண்டும். தொடக்க கால எம்ஜிபிகள், உள் இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகையான கிராஸ்பிளை டயர்களுடன் வந்தன; பின்னர் இன்று வழக்கமான ரேடியல் வகையில் 155, 165 அளவு டயர்கள் 14 அங்குலச் சக்கரங்களில் வந்தன. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் போடுவது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, அது காரின் பின்புறத்தைத் திடீரென வழுக்கச் செய்யும் ஆபத்தான கூட்டு. காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, ரேடியல் டயர்களுக்குக் கையேடு சொல்லும் அளவு சதுர அங்குலத்துக்கு முன்னால் 21, பின்னால் 24 பவுண்டு. இன்றைய டயர்களுக்கு இதைவிடச் சில பவுண்டு கூட்டி வைப்பவர்கள் பலர். எவ்வளவு கூட்டினாலும் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்ற விகிதத்தைக் குலைக்காதீர்கள். அதைத் தலைகீழாக்கினாலே ஒரு நல்ல எம்ஜிபி அலையத் தொடங்கும்.

கம்பிச் சக்கரம் உள்ள கார்களில் இன்னொரு சோதனை உண்டு. அந்தச் சக்கரங்கள் போல்ட்டுகளால் பிடிக்கப்படுவதில்லை. ஹப்பில் உள்ள பற்கள் சக்கரத்தின் பற்களோடு பொருந்தி நிற்க, நடுவில் உள்ள ஒற்றை நட்டு அழுத்திப் பிடிக்கிறது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்ற முயலுங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தையோ, தேய்ந்த சக்கரத்தைப் புது ஹப்பிலோ மாட்டினால் புதியதும் விரைவில் கெடும். நடு நட்டின் மரை, காரின் இடப்புறத்தில் வழக்கமான வலச்சுற்று, வலப்புறத்தில் இடச்சுற்று. ஹப்புகள் பக்கம் மாற்றி மாட்டப்பட்டிருந்தால் ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடும். எந்தப் பக்கமானாலும், நட்டின் மேல் காதைக் காரின் பின்புறம் நோக்கி அடித்தால் இறுக வேண்டும்.

பேரிங், கிங்பின்: ஆட்டத்தைப் பிரித்தறிதல்

முன்சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கியைச் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங் தட்டின் அடியில் வைத்துத் தூக்கி, பாதுகாப்புக்காகச் சேசிஸின் அடியில் ஸ்டாண்டையும் வையுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் அழுத்தம் கிங்பின் மீது இல்லாமல், மறைந்திருக்கும் ஆட்டம் வெளிப்படும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங்கில் உள்ளது. அப்படியே இருந்தால் கிங்பின்னிலோ, அதன் மேல் அல்லது கீழ் மூட்டிலோ உள்ளது. பின்பு சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பிகளின் பால் ஜாயின்டுகளையும் ரேக்கையும் காட்டும்.

எம்ஜிபியின் முன் வீல் பேரிங் அமைப்பில் பலர் தவறிவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. உள், வெளி ரோலர் பேரிங்குகளுக்கு நடுவில் ஓர் எஃகுக் குழலும், அதோடு மெல்லிய ஷிம் வளையங்களும் உண்டு. மற்ற பல கார்களில் செய்வது போல நட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தி வைக்கும் முறை இங்கே பொருந்தாது. நட்டை 40 முதல் 70 பவுண்டு-அடி வரையிலான டார்க்கில் (முறுக்கு விசையில்) உறுதியாக இறுக்கி, ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் 0.002 முதல் 0.004 அங்குல ஆட்டம், அதாவது சுமார் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர், மிஞ்சும்படி அமைக்க வேண்டும். அந்தக் குழல் இறுகி நிற்பதால்தான் மெல்லிய ஆக்சில் முனைக்கு வளையாத விறைப்புக் கிடைக்கிறது. முந்தைய உரிமையாளர் யாரேனும் அந்தக் குழலையோ ஷிம்களையோ எடுத்து எறிந்திருந்தால், வளைவில் ஹப் நெளிந்து பிரேக் பேடுகளைத் தள்ளிவிடும். பிரேக் பெடல் ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் ஆழமாகப் போவது அதன் அறிகுறி. இந்த நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஆட்டம் இல்லாமலும் அலையும்

இதுதான் அதிகம் பேசப்படாத காரணம். ஆகவே இதை விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. எல்லா மூட்டுகளும் இறுக்கமாக இருந்தும் ஒரு கார் மோசமாக அலையக்கூடும். காஸ்டர் கோணம் சக்கரத்தை நேர்நிலைக்குத் திருப்பும் விசை, நேர்நிலையை நெருங்க நெருங்க மிகச் சிறியதாகிவிடும். கிங்பின்னிலோ ரேக்கிலோ உள்ள உராய்வு அந்தச் சிறு விசையைவிட அதிகமாக இருந்தால், சக்கரம் விட்ட இடத்திலேயே நின்றுகொள்ளும். ஓட்டுநர் இடப்புறம் ஒரு மயிரிழை திருத்தினால் கார் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். வலப்புறம் திருத்தினால் அந்தப் பக்கம். கை விட்டால் நேராகாத ஸ்டீயரிங், தளர்ந்த ஸ்டீயரிங்கைப் போலவே உணர்வளிக்கிறது. தளர்வு என்று எண்ணி ரேக்கை இறுக்கினால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

சோதனை எளியது. முன்புறம் முழுவதையும் தூக்கி, டை ராட் முனைகளைப் பிரிப்பானைக் கொண்டு ஸ்டீயரிங் கைகளிலிருந்து கழற்றுங்கள். இனி ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் திருப்பிப் பாருங்கள். சீராக, தடையில்லாமல், லேசான அழுத்தத்தில் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் கனத்தாலோ பிடித்து விட்டாலோ அந்தப் பக்கக் கிங்பின்தான் குற்றவாளி. பின்னர் ஸ்டீயரிங் வீலை மட்டும் திருப்பிப் பார்த்தால் ரேக்கின் நிலையும் தனியே தெரிந்துவிடும்.

கனத்த கிங்பின்னுக்கு முதல் மருந்து கிரீஸ். ஒவ்வொரு பக்கத்திலும் கிரீஸ் ஏற்றுவதற்கான நிப்பிள்கள் என்ற சிறு முனைகள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்றோ இரண்டோ பெயின்டாலும் அழுக்காலும் அடைபட்டு, பல ஆண்டுகளாகக் கிரீஸ் உள்ளே போகாமல் இருப்பதைப் பல கார்களில் காணலாம். நிப்பிளைத் துடைத்து, சக்கரம் தூக்கிய நிலையில் இருக்கும்போதே கிரீஸ் கன்னால் ஏற்றுங்கள். எடை இறங்கிய நிலையில் ஏற்றினால் சுமை தாங்கும் வளையங்களுக்கு இடையே கிரீஸ் புகாது. நடுநடுவே சக்கரத்தைத் திருப்பி, பழைய கருத்த கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை தொடருங்கள். கிரீஸ் போகாத நிப்பிளைக் கழற்றிப் புதியது மாட்டுங்கள். அதிலும் கிரீஸ் போகாவிட்டால் உள் துளை அடைபட்டிருக்கும், பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். நிப்பிள்களில் கீழே உள்ளதை ஒருபோதும் தவற விடாதீர்கள். கீழ் மூட்டின் போல்ட் வறண்டு தேய்ந்தால், அதைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

கிரீஸால் சரியாகாத, அல்லது ஏற்கெனவே தேய்ந்து ஆடும் கிங்பின்னை மாற்றும்போது, புதியவர்கள் அதன் உலோக புஷ்களை மட்டும் வாங்கித் தாமே ஏற்ற முயல வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். புது புஷ்களை அழுத்தி ஏற்றிய பின், இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் கொண்டு துல்லியமாகக் கடைய வேண்டும். அதற்குரிய கருவி வீட்டில் இருக்காது. பழையதைக் கொடுத்து, புதுப்பித்த முழு அமைப்பைப் பரிமாற்றத்தில் வாங்குவதே நல்லது. அதை மாட்டும்போது ஸ்பிரிங் தட்டைக் கழற்ற நேர்ந்தால், அழுந்திய சுருள் ஸ்பிரிங்கில் ஆளைக் காயப்படுத்தும் அளவுக்கு விசை அடங்கியிருக்கிறது என்பதை மறக்காமல், அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேக்

இயங்கும் ரேக்கில் ஸ்டீயரிங் வீலின் வெற்று ஆட்டம், விளிம்பில் ஒரு விரல் அகலத்தைக்கூட எட்டக் கூடாது. ஆட்டம் இருந்தால், ரேக்கைக் குறை சொல்லும் முன், ஸ்டீயரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயின்டையும் அதன் கிளாம்ப் போல்ட்டுகளையும், ரேக்கைக் கிராஸ்மெம்பரில் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இங்குமங்கும் அசைக்க, மற்றவர் அடியிலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தால், ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று விரலே சொல்லிவிடும். ரேக்கின் உள் பால் ஜாயின்டுகளை அவற்றின் மேல் உள்ள ரப்பர் உறையை அழுத்திப் பிடித்துச் சோதிக்கலாம்.

ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளிருந்த எண்ணெய் ஒழுகிப் போயிருக்கும்; தூசியும் நீரும் புகுந்திருக்கும். உறையை மாற்றி எண்ணெய் நிரப்பினால் சில ரேக்குகள் பிழைத்துக்கொள்ளும். தேய்மானம் எப்போதும் நேர்நிலையைச் சுற்றியுள்ள பற்களில்தான் அதிகம், ஏனெனில் கார் பெரும்பாலும் நேராகவே ஓடியிருக்கிறது. நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க ரேக்கின் அழுத்தத் தட்டை இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது பிடித்துக்கொள்ளும். அந்நிலையில் ரேக்கை மாற்றுவதே வழி. மாற்றும்போது ரேக்கின் பினியன் தண்டும் ஸ்டீயரிங் தண்டும் யூனிவர்சல் ஜாயின்டில் சரியாகச் சந்திக்குமாறு, ரேக்கின் அடியில் ஷிம் வைத்து அமைக்க வேண்டும். பழைய ஷிம்கள் எந்தப் போல்ட்டின் அடியில் எத்தனை இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். இதைக் கவனிக்காமல் மாட்டிய புது ரேக், பழையதைவிடக் கனமாகத் திரும்புவதும், யூனிவர்சல் ஜாயின்டைச் சீக்கிரம் தின்றுவிடுவதும் உண்டு.

புஷ்களும் ஷாக் அப்சார்பரும்

கீழ்க் கைகளின் உள்முனை ரப்பர் புஷ்கள் நசுங்கியிருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் சக்கரமே முன்னும் பின்னும் நகரும். எம்ஜிபி ஜிடி வி8 மாடலுக்காக வந்த, உலோகக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ்கள் மற்ற எம்ஜிபிகளிலும் பொருந்துகின்றன. அவை நீண்ட காலம் உழைக்கின்றன. நான் எப்போதும் பரிந்துரைப்பது அவற்றைத்தான். ஆனால் அவற்றின் போல்ட்டுகளை, கார் தன் முழு எடையுடன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து விரைவில் கிழியும்.

எம்ஜிபியின் முன் ஷாக் அப்சார்பருக்கு இரட்டை வேலை. அதன் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் செயல்படுகிறது. எனவே எண்ணெய் கசிவது மட்டுமல்ல, அதன் தண்டு தன் பேரிங்கில் பக்கவாட்டில் ஆடினாலும் சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வான கேம்பர் கோணம் ஓட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும். காரின் மூலையை அழுத்தி விடும்போது, ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். அதோடு, சக்கரத்தை ஆட்டும்போது ஷாக் அப்சார்பரின் தண்டையும், அதைக் கிராஸ்மெம்பரில் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் கண்ணால் பாருங்கள். கிராஸ்மெம்பரைக் காருடன் பிணைக்கும் ரப்பர் தட்டுகள் எண்ணெயில் ஊறி நைந்திருந்தால் அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

பின்புறமும் ஸ்டீயரிங் செய்கிறது

முன்புறத்தில் இவ்வளவும் செய்து முடித்தும் அலைச்சல் மிஞ்சினால், பெரும்பாலும் பின்புறம் யாருமே பார்க்காமல் விடப்பட்டிருக்கும். எம்ஜிபியின் பின் ஆக்சிலை இடத்தில் பிடித்து வைப்பவை பட்டைகளை அடுக்கிய இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகள் மட்டுமே. அவற்றின் முன் கண்ணில் (முனை வளையத்தில்) உள்ள புஷ் தளர்ந்தால் ஆக்சிலின் அந்தப் பக்கம் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகரும்; அதாவது பின்சக்கரங்கள் காரைத் திருப்பும். முடுக்கியை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் கார் ஒதுங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே தொடக்கத்தில் முடுக்கியைப் பற்றி எழுதி வைக்கச் சொன்னேன்.

முன்சக்கரங்களை நேராக வைத்து, இரு பக்கமும் முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவரை அளந்து பாருங்கள். எம்ஜிபியின் வீல்பேஸ் 91 அங்குலம். இரு பக்க அளவுகளும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபட்டால், ஆக்சில் கோணலாக நிற்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளை இணைக்கும் நடு போல்ட்டின் தலைதான் ஆக்சிலை ஸ்பிரிங்கில் பொருத்தி நிறுத்துகிறது. அது முறிந்தால் ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் வழுக்கும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகள் தளர்ந்தாலும் அப்படியே. முன் கண் புஷ், பின் ஷேக்கிள் புஷ், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் உள்ள ரப்பர் தட்டு ஆகியவற்றை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இங்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடத்தைச் சுற்றியுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். துரு உள்ளே போயிருந்தால், புஷ் வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் செய்பவரிடம் போக வேண்டும்.

1974-இன் பிற்பகுதியிலிருந்து வந்த, கறுப்பு ரப்பர் பம்பர் உள்ள கார்களுக்குத் தனிக் கவனம் தேவை. அமெரிக்கப் பம்பர் விதிகளுக்காக அந்தக் கார்களின் உயரம் சுமார் ஒன்றரை அங்குலம் கூட்டப்பட்டது. 1975 மாடல் ரோட்ஸ்டர்களில் (திறந்த மேற்புறம் உள்ள கார்களில்) வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பியான முன்புற ஆன்ட்டி-ரோல் பாரும் நீக்கப்பட்டது. அதனால் அவை வளைவில் அதிகம் சாய்ந்தன. சாயும்போது பின் ஆக்சிலும் சற்றுத் திரும்பியது. 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்ட்டி-ரோல் பார் பொருத்தப்பட்டு நிலைமை சீரானது. இடைப்பட்ட ஆண்டுகளின் கார் உங்களிடம் இருந்தால், எல்லா புஷ்களையும் சரிசெய்த பின், முன்புற ஆன்ட்டி-ரோல் பாரைப் பொருத்துவது செலவுக்கு ஏற்ற பலனைத் தரும். காரைத் தாழ்த்துவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக அலைன்மென்ட்

எம்ஜிபியில் கேம்பரும் காஸ்டரும் தொழிற்சாலை அமைப்பில் மாற்ற முடியாதவை. அவை அளவில் இல்லை என்றால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். நாம் மாற்றக்கூடியது டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு, மட்டுமே. அது 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது சுமார் 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர். ஓடும்போது சாலையின் இழுப்பு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கிறது. அந்தச் சிறு உள்நோக்கிய கோணம் அதை ஈடுசெய்து, மூட்டுகளை ஒரு பக்கமாக அழுத்தி வைக்கிறது. சக்கரங்கள் வெளிநோக்கி நின்றால், வேறு எந்தக் குறையும் இல்லாத காரும் அலையும்.

வீட்டிலேயே அளக்கலாம். காரை இறக்கிய பின் சில அடிகள் முன்னோக்கி உருட்டி, சஸ்பென்ஷன் தன் இயல்பான நிலைக்கு வரட்டும். இரு முன் டயர்களின் பின்பக்கத்திலும், ஹப்பின் உயரத்தில், பட்டனின் நடுவே மெல்லிய கோடு போட்டு அவற்றின் இடைவெளியை அளங்கள். பிறகு அந்தக் கோடுகள் முன்பக்கத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னோக்கித் தள்ளி மறுபடியும் அளங்கள். பின்னோக்கி ஒருபோதும் தள்ளக் கூடாது. தள்ளினால் அளவு பொய்யாகும். முன் அளவு பின் அளவைவிடக் குறைவாக இருக்கும் வித்தியாசமே டோ-இன். அதே கோடுகளை இருமுறையும் பயன்படுத்துவதால் சக்கரத்தின் சிறு கோணல்கள் கணக்கில் வராது. திருத்தும்போது இரு டை ராடுகளையும் சம அளவில் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்பதோடு, ரேக்கும் தன் நடுநிலையை விட்டு விலகி ஓடும்.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று காஸ்டரைக் குறைக்கும் ஆப்புத் தகடுகளைக் கிராஸ்மெம்பரில் பொருத்தும் பழக்கம் ஒன்று உண்டு. அகல ரேடியல் டயர்களோடு ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு அது கைவலியைக் குறைக்கும். ஆனால் அலைச்சலோடு போராடும் கார் ஒன்றில் நேராக்கும் விசையைக் குறைப்பது எதிர்த்திசையில் செல்லும் வைத்தியம். முதலில் கிங்பின்களையும் ரேக்கையும் சீராக்குங்கள். கனம் என்று நினைத்ததில் பெரும்பகுதி உராய்வாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து சாலையில் சோதித்த பின், முதல் சில நூறு மைல்களுக்குள் யூ-போல்ட்டுகள், புஷ் போல்ட்டுகள், ரேக் போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடியும் பாருங்கள். புது ரப்பர் அமர்ந்ததும் அவை சற்றுத் தளர்வது இயல்பு. டோ-இன்னையும் அப்போது ஒருமுறை அளந்துவிடுங்கள். கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்டாத கார் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்கால நிறுத்தத்துக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். அப்போதுதான் அந்த மாதங்களின் ஈரம் மூட்டுகளுக்குள் தங்காது.